பூச்சியம்

நாடாவின் பூச்சியத்தை நான் பிடிக்கவேணும்.
சபையில் என் வேலை அவ்வளவுதான்.
பாடசாலைப் படலையடியில் குந்தினேன்.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோகுலராஜ்
நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார்,
வாழைச்சேனை வெயிலில், ஐஸ்கட்டிக் கடை தாண்டி
நீலவாவி உணவக வாசல் வரைக்கும்.

எந்தப் படலை என்று கூட்டத்தில் கேட்டார்கள்.
முன்படலை என்றால் தூரம் சரி.
பின்படலை என்றால் பதினொரு மீற்றர் காணாது.
வெள்ளத்துக்குப் பிறகு அதைத் திறப்பதில்லை என்றார் தவிசாளர்.
பிள்ளைகள் அதால்தான் ஏறிக் குதிக்கிறதுகள்,
என்ர மகனும்தான் என்றார் கிருபைமலர்.
ஒருவர் சுற்றுலா என்றார்.
இன்னொருவர் கொடியேற்றம் கிட்டுது என்றார்.
பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார், எண்ணியாயிற்று.
அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார்.

ஆட்சேபனை இல்லை. ஒரு வாக்கால்.
கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போகும்,
பிறகு கொழும்புக்கு.

அன்று நாடாவைச் சுருட்டும்போது பார்த்தேன்,
பின்மதில் ஓரம் முழுக்க வெறும் போத்தல்.
கசிப்புக்கு விண்ணப்பம் இல்லை,
அதனால் தூரமும் இல்லை.

அங்கிருந்து என் படலைக்கு எவ்வளவு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
இருட்டில் படுத்தபடி
அவருடைய செருப்புச் சத்தத்தை
எண்ணி வைத்திருக்கிறேன்.