மேல்வீட்டார்

முதலில் வந்தது வாசம்தான்.
ரம்பை இலை போட்டுச் சோறு வடித்ததுபோல்,
நடுச்சாமம் ஒன்றரைக்கு.
அடுப்படி இருட்டாகக் கிடந்தது.
"ஆர் இந்த நேரம் சமைக்கிறது?"
குகதாசன் கண் திறக்காமலே
"மரநாய்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

பிறகு காலடி.
வெள்ளவத்தையில், அந்த வருஷங்களில்,
இரவில் காலடி கேட்டால்
கை முதலில் தேடுவது அடையாள அட்டையை.
அட்டையைப் பிடித்தபடி
சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
சப்பாத்து இல்லை. நகம்.
ஆறுதலாக இருந்தது என்றால்
இப்போது சிரிப்பீர்கள்.

ஒரு கிழமையில் சீலிங்கில்
மஞ்சளாய் ஒரு படம் ஊறி விழுந்தது.
மகள் சாயகி அதில் முதலில் முயலைக் கண்டாள்,
பிறகு இந்தியாவை.
தண்ணீர்த் தாங்கி மூடியில்
பாதி கடித்த ஜம்புக்காய்.

பூச்சி உருண்டை வை என்றார்கள் ஒபிசில்.
செத்தல் மிளகாய்ப் புகை போட்டதில்
இருமிக்கொண்டு வெளியே ஓடியது நாங்கள்தான்.
றேடியோவைப் போட்டு மேலே ஏற்றிவிட்டோம்.
மூன்று இரவு செய்தி கேட்டது,
நாலாம் இரவு வயரைக் கடித்தது.

முன்வீட்டிலிருந்து வந்த வீட்டுக்காரி
மிசிஸ் அமரதுங்க அண்ணாந்து பார்த்தார்.
"ஓட்டையை அடைச்சுப் போடுங்க.
செலவு உங்கட."

சுனிமல் பாஸ் வந்தார்.
கூரைச் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு கை நுழையும் இடைவெளி.
எட்டு மணிக்கு இரைக்குப் போகும், அப்போது அடிப்போம் என்றார்,
எனக்குத் தெரிந்த சிங்களத்திலும்
அவருக்குத் தெரிந்த தமிழிலும்.
கம்பிவலை, இரண்டு அங்குல ஆணி,
பிளேன்ரீ இரண்டு, கூலி தொள்ளாயிரம்.

இன்றைக்காவது நித்திரை என்று படுத்தோம்.
பத்தரைக்கு, சீலிங்குக்குள்,
தகரத்தில் ஊசி இழுத்ததுபோல் ஒரு கீச்சு.
ஒன்றல்ல.
வெளியே கம்பியில் நகம்.
உள்ளே கீச்சு, வெளியே நகம்.
சாயகி எழும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை.
என் சோட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குறடு இருந்தது, கதிரை இருந்தது.
ஆனால் பதினொரு மணிக்கு
ரோச் லயிட்டோடு கூரையில் நிற்கிற தமிழனை
ஆர் மரநாய்க்காக ஏறினவன் என்று நினைப்பார்கள்?
ஓடிப்போய் மிசிஸ் அமரதுங்கவின் கதவைத் தட்டினேன்.
வந்தார், பாவம், தலையில் சுருட்டையோடு,
கேற்றடியில் காவலுக்கு நின்றார்.

பயந்தபடியே வந்தது ரோந்து.
வெளிச்சம் நேரே குகதாசனின் முகத்தில்.
அவர் இரண்டு கையையும் தூக்க
குறடு விழுந்து சீட்டில் உருண்டது.
"உகுடுவா! உகுடுவா!" என்று கத்தினார் வீட்டுக்காரி.
கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை.
பிறகு இளையவன் சிரித்தான்.
தங்கள் வீட்டிலும் இதே தொல்லை என்றான்,
குறட்டை எடுத்துக் கொடுத்தான்,
கடைசி ஆணி கழரும்வரை
தானே லயிட்டைப் பிடித்தான்.
சிரித்து முடிய
அடையாள அட்டை கேட்டான்.

விடியப்புறம்
ரெலிபோன் வயரில் தாய் நடந்து போனது,
வாயில் ஒரு குட்டி தொங்க.
திரும்பி வந்தது. இன்னொன்று.
மூன்றாவதுக்கு நேரமெடுத்தது.
வராதோ என்று சாயகி பல்லு விளக்காமல்
ஜன்னலடியிலேயே நின்றாள்.
வந்தது.

ஓட்டையை நாங்கள் பிறகு அடைத்தோம்.
இந்தியா காய்ந்து ஓரம் மட்டும் மிஞ்சியது.

மாதக் கடைசியில் வாடகைக்கு வந்தபோது
மிசிஸ் அமரதுங்கவுக்குக் கண் வீங்கியிருந்தது.
காசை எண்ணவில்லை.
"இப்ப எங்கட சீலிங்கில.
அந்தப் பாசுட நம்பர் இருக்கா?"

நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
மூன்று குட்டி என்று
பக்கத்தில் எழுதினேன்.