இருநூற்றுப் பதினாறாம் பக்கம்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய அன்று
கசகசா தன் மூன்று குட்டிகளையும்
கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாய்த் தூக்கிவந்து
நாவலின் மேல் குடிவைத்தாள்.

கட்டிலடியில் அட்டைப்பெட்டி இருந்தது.
கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிவந்தது,
பழைய நைட்டி விரித்தது.
பிள்ளை பெற மட்டும் அது போதுமாயிருந்தது அவளுக்கு.
வளர்க்க, அலமாரியின் மூன்றாம் தட்டுதான் வேண்டுமாம்.

நூலகத்துப் புத்தகம்.
பால் பொங்குகிறதே என்று
விரித்தபடி வைத்துவிட்டு ஓடியிருந்தேன்.
இருநூற்றுப் பதினாறில்
கப்பலில் கணக்கெழுதும் ஒருவன்
இந்தத் துறைமுகத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று
ஏணியில் நிற்கிறான்.
நின்றான், இருபத்தாறு நாள்.
அவன் தலைக்குமேல் மூன்று பேர்
முட்டி முட்டிப் பால் குடித்தார்கள்.

ராணிப்பேட்டையில் ஷூ தைக்கிறேன்.
நாளைக்கு நூற்றெண்பது ஜோடி,
எந்த ஊர்க் கால்களுக்கோ.
எந்தச் சோப்புக்கும் போகாத தோல் வாடை விரல்களில்.
கசகசா அவற்றை நக்கும்போது
அன்பா பசியா என்று நான் விசாரிப்பதில்லை.
இரவு ஒன்பது மணிக்குப் பக்கம் திருப்பும்போது எழும்
பழந்தாள் வாசம்,
உலர்ந்த இலையை ஒதுக்குவதுபோல் சின்னச் சத்தம்:
தையல் மெஷின் நடுவில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு
அதைக் கேட்க வேண்டும்.

அதுவும் இல்லாத முதல் இரவில்
கரண்டும் போனது.
காகிதப்பட்டறையே மொட்டைமாடிக்கு ஏறியது.
பகலில் வாங்கிய வெயிலையெல்லாம்
மலை நிதானமாய்த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
எங்கள் ஊர்ப் பாறைகள் கடன் வைப்பதில்லை.

பக்கத்து மாடியில் இம்தியாஸ் பாய்,
ஏசி மெக்கானிக்,
மே மாதத்தில் சோறு தின்னவும் நேரமில்லாதவர்,
மடியில் புல்புல்தாராவை வைத்து
டைப் அடிக்கிறவர்போல் கட்டைகளை அழுத்தினார்.
தப்பு.
அதே இடத்தில் மறுபடி தப்பு.
மூன்றாம் தரமும் சறுக்கி,
நாலாம் தரம் அந்த மேட்டைத் தாண்டி
சரசரவென்று இறங்கியபோது
எனக்குக் கண் நிறைந்துவிட்டது.
செத்துப்போன யாரும் ஞாபகத்தில் இல்லை.
விட்டுப்போனவனும் இல்லை.
சும்மாவே நிறைந்தது.

"என்ன பாட்டு பாய் அது?"
"பாட்டெல்லாம் இல்லம்மா.
புதுத் தந்தி. பழகணும்ல."

கைப்பிடிச் சுவரில் கசகசா.
ஒரு காது தந்தியின் பக்கம்,
மற்றது கீழே
மூன்றாம் தட்டின் பக்கம்.

அப்புறம் தினமும் கரண்ட் போகாதா என்றிருந்தது.
இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்தேழாம் நாள்
குட்டிகள் தாமாகவே தொப்பென்று குதித்து
துடைப்பத்தோடு சண்டைக்குப் போயின.
உரோமத்தை ஊதினேன்.
ஓரத்தில் காய்ந்த பால், வட்டமாய், காலணா அகலம்.
அன்றிரவே முடித்தேன்.
கணக்குக்காரன் இறங்கிவிட்டான்.
இறங்காமலே இருந்திருக்கலாம்;
கடைசி நாற்பது பக்கம் அவ்வளவு சுகமில்லை.
ஆனாலும் மூடியபின்
சூடு ஆறாத ஒன்றைப்போல்
நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"பதினாறு நாள் தாமதம்" என்றார் நூலகர் சுகிர்தா.
காரணம் சொன்னேன்.
முகம் மாறாமல் ரசீது கிழித்தார்,
அபராதம் வாங்கினார்,
சில்லறையைச் சரியாக எண்ணித் தந்தார்.
பேனாவை மூடப்போனவர்
மூடாமல் கேட்டார்:
"என்ன கலர்?"

இரண்டு அம்மா மாதிரி, சாம்பலில் புள்ளி.
ஒன்று மட்டும் வெல்லப்பாகு.

புத்தகம் இப்போது அதன் தட்டில் இருக்கிறது.
அடுத்து எடுப்பவர்
இருநூற்றுப் பதினாறில்
என் ஊசியைவிட மெலிதாய்
நாலு துளை பார்ப்பார்.
பூச்சி என்று நினைத்துக்கொள்ளட்டும்.