காற்றுதான் மேடு

தேவிபட்டினம், சீனி நூர்தீன் கடை.
இரண்டு சைக்கிள், மூன்று நாள் வாடகை.
"தொண்டிக்கு பஸ் இருக்கே" என்றார்.
தெரியும் என்றோம்.
மேற்கொண்டு கேட்காமல் செயினுக்கு எண்ணெய் விட்டார்.
பம்பையும் ஒரு சாண் வால்டியூபையும்
கேரியரில் செருகினார்.

இந்தக் கரையில் ஏற்றமென்று எதுவும் கிடையாது.
ரோட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்தால்
வைத்த இடத்திலேயே யோசித்துக்கொண்டிருக்கும்.
ஆனால் தை மாசத்து வாடை
நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியபோது தெரிந்தது,
இங்கே காற்றுதான் மேடு.
சமதரையில் திருமேனி எழுந்து நின்று மிதித்தான்,
கொடைக்கானல் ஏறுகிறவன் போல.

மோர்ப்பண்ணை விலக்கில் செக்போஸ்ட்.
எங்கே?
தொண்டிக்கு.
எதுக்கு?
சும்மா.
அந்தச் சொல்லை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
பேனாவைத் திறந்தபடியே நின்றார் காவலர்.
பையைக் கவிழ்த்தோம்:
நாலு கொய்யா, ஈரத் துண்டு, பம்பு.
ஒரு கொய்யாவை எடுத்துக்கொண்டு
"உறவினர் வீடு" என்று எழுதினார்.
அன்றிலிருந்து தொண்டியில் எங்களுக்கு
ஓர் உறவினர் இருக்கிறார்.

உப்பூரில் கூரை வேண்டாமென்ற பிள்ளையார்
எங்களைவிடக் கறுத்திருந்தார்.
விழுந்து கும்பிட்டு, அவர் வெயிலிலேயே
கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினோம்.

அளங்களில் இன்னும் உப்பு விளையவில்லை.
மழைத்தண்ணி நின்ற பாத்திகளில்
வானம் சதுரம் சதுரமாகக் கிடந்தது.
ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்கு
தலைகீழாக ஒருவன் சைக்கிளில் போனான்;
வரப்பு வரும்போதெல்லாம் காணாமல் போய்
மறுபடி வந்தான்.
வண்டியைவிட அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கருவேல முள்ளில் சட்டை கிழியும் வரை.

பூநாரைகளைத் திருமேனிதான் முதலில் கண்டான்.
மிதிப்பதை நிறுத்தினோம்.
நிறுத்தியதுதான் தப்பு:
ஃப்ரீவீல் கிர்ரென்றது,
அந்தச் சத்தத்துக்கே மொத்தமும் எழும்பிற்று.
நிற்கும்போது வெள்ளை வெளேரென்று நின்றுவிட்டு
இவ்வளவு சிவப்பையும் சிறகுக்கு அடியில் வைத்திருந்ததா!
எங்கள் அலுவலகத்துக் கேஷியர் அம்மாள்
ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சிரித்தது
ஏனோ ஞாபகம் வந்தது.

காரங்காட்டில் சகாயராணி
சைக்கிளைச் சாய்த்துவைத்து நின்றுகொண்டிருந்தாள்.
பின்சக்கரம் தரையோடு ஒட்டியிருந்தது.
கூடையில் நண்டுகள், காலைக் கட்டியும்
ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன.
"பஞ்சர் இல்லைண்ணே, வால்டியூப் இத்துப்போச்சு."
எங்கள் சாண் நீளமும் அவளுக்குப் போனது.
"கரண்டு கணக்கெடுக்க வந்தீங்களா?"
இல்லை.
"அப்ப நிலம் பார்க்கவா?"
அதுவும் இல்லை.
எங்களை ஒரு நொடி ஏற இறங்கப் பார்த்தாள்.
"பாவம்" என்று சொல்லி
இரண்டு நண்டைத் துண்டில் முடிந்து கொடுத்தாள்.
அவள் போன பிறகு அலையாத்திக் காட்டில்
ஓடைத் தண்ணீர் இறங்குவதை
வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பார்த்தன.

மூன்றாம் நாள், நம்புதாளை தாண்டி,
தொண்டிக்கு இன்னும் கொஞ்சம்தான்.
கால் இரண்டும் கல்லாயிருந்தன.
"உறவினர் ஊரில் இல்லையாம்" என்றான் திருமேனி.
சைக்கிளைத் திருப்பினோம்.

திருப்பியதும் நெஞ்சிலிருந்த கை முதுகுக்கு மாறியது.
மிதிக்கவே இல்லை.
மூன்று நாள் ஏறிய மேடெல்லாம்
சட்டைக்குள் உப்பிக்கொண்டு இறங்கியது.
முள்ளிமுனை விலக்கு, பாலம், பனைகள்,
பார்க்குமுன் பின்னால் போயின.
நாரை நின்ற இடத்தைத் தவறவிட்டேன்.

அப்புறம் என் முன்சக்கரம் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.
வால்டியூப்.
உலகத்தில் இவ்வளவு காற்று,
டியூபுக்குள் மட்டும் இல்லை.

இறங்கித் தள்ளினேன்.
கொஞ்ச தூரம் முன்னால் போயிருந்த திருமேனி
தானும் இறங்கிக்கொண்டான்.
"உனக்கென்ன, ஓட்டேன்" என்றேன்.
"இறக்கத்தில பிரேக் பிடிக்கணும்ல" என்றான்.