தொப்புள் நகராது

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்
மார்ச் பதினொன்று எனக்காக நிற்கும்
என்கிறது கவுனஸிலிருந்து வந்த கடிதம்.
மருத்துவமனையில் இரண்டு இரவு, விடுதியில் ஐந்து,
விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஓர் ஓட்டுநர்.
அவர் பெயரைக்கூடப் போட்டிருக்கிறார்கள்.
அறுப்பவர் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது.

லிமெரிக்கில் பேருந்து ஓட்டுகிறேன்,
பத்தொன்பது வருஷமாக.
உரிமம் புதுப்பிக்கப் போன அன்று
இப்படியே போனால் அடுத்த முறை
கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் டாக்டர்.
சர்க்கரை.
அதன்பின் இரண்டு வருஷம்
ஷானன் ஆற்றங்கரையில் நடந்து நடந்தே
நாற்பத்தெட்டு கிலோவைத் தொலைத்தேன்.

எடை போயிற்று.
எடை குடியிருந்த வீடு காலியாகவில்லை.
சீட் பெல்ட் மாட்டுமுன்
இடக்கையால் வயிற்றைத் தூக்கி
வலக்கையால் கொக்கியைத் தேடுகிறேன்,
தூங்குகிற பிள்ளையை ஒதுக்கிப் படுக்கவைக்கிற மாதிரி.
மழைக்காலத்தில் மடிப்புக்குள் புண்.
இங்கே மழைக்காலம் என்றால்
வருஷம் முழுவதும்.

அசத்திவிட்டாய் நோரீன், என்கிறார்கள் டிப்போவில்.
கோட்டைக் கழற்றாமல் சிரிக்கிறேன்.

டப்ளினில் சொன்ன விலைக்கு
என் வீட்டுக் கூரையை இரண்டு முறை மாற்றலாம்.
டாக்டர் கவுனஸ் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சீழோடு வந்து நின்றால் பார்க்காமல் விடுவேனா.
ஆனால் உள்ளே அவர் என்ன செய்தார் என்று
எனக்குத் தெரியாதே."

அட்ராக்டா போய் வந்தவள்.
ஒன்பதாம் நாள் தையல் விட்டது.
மூன்று மாதம் செவிலி வீடு தேடி வந்து
பஞ்சு வைத்துக் கட்டினாள்.
காபி இடைவேளையில் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்:
இடுப்பிலிருந்து இடுப்புக்கு ஒரு கோடு,
நடுவில் கோணிப்போய்
அவசரத்தில் தைத்த சாக்குமூட்டை வாய்.
போகாதே என்கிறாயா, என்றேன்.
"நாளைக்கே கூப்பிட்டாலும் மறுபடி போவேன்.
விளக்கைப் போட்டுக்கொண்டு குளிக்கிறேன், நோரீன்."

தொப்புளை என்ன செய்வீர்கள்?
வீடியோ அழைப்பில் நான் கேட்ட ஒரே கேள்வி.
மயக்க மருந்து, காலில் உறையும் ரத்தம்
என்று எழுதி வைத்திருந்த தாள் மடியில் கிடந்தது.
அந்தச் சின்னப் பெண் சிரிக்கவில்லை.
"தொப்புள் நகராது. தோலைத்தான் கீழே இழுப்போம்.
இழுத்த தோலில் அதற்குப் புதிதாக
ஒரு ஜன்னல் திறப்போம்."
அன்றிரவு அதன்மேல் விரலை வைத்தபடி தூங்கினேன்.
அம்மா போட்ட முடிச்சுகூட இல்லை அது,
பிரசவ அறையில் பேர் தெரியாத யாரோ போட்டது.
இருந்தாலும்.

படிவத்தில் ஒரு கட்டம்: உடன் வருபவர்.
மகன் பெர்த்தில்.
பிரிந்துபோன ஃபின்டனின் எண் மட்டும்
பார்க்காமலே எழுத வருகிறது.
எழுதினேன். அடித்தேன்.
அடித்தது நன்றாகவே தெரிகிறது.

காலை ஆறு நாற்பது, டூராடாயில் நிறுத்தம்.
தினமும் ஏறுகிறவள் டாங்குவோலே,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
உன் ஊர் கவுனஸ்தானே, எப்படியிருக்கும், என்றேன்.
எட்டு வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி.
கதவு திறந்தே கிடந்தது, பின்னால் வரிசை முணுமுணுத்தது.
"இரண்டு ஆறு சேரும் இடம். மார்ச்சில் குளிரும்.
விடுமுறைக்கா?"
ஆமாம், என்றேன். விடுமுறை.
"குன்றேறும் குட்டி ரயில் ஒன்று உண்டு.
கிழட்டு வண்டி. இரண்டே நிமிஷம்.
அவசியம் ஏறு."

இன்று வியாழன்.
கடைசி நடை முடித்து விளக்கணைத்த பேருந்தில்
பயணிகள் இருக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
கத்தியை யோசிக்கவில்லை, காசையும்.
யாரோ ஓட்ட
இரண்டே நிமிஷம்
நான் சும்மா உட்கார்ந்து
மேலே போவதை.