நுரைக்கல் தண்ணீர் குடிக்கும்

வால்டிவியாவில் ஜூன் மாத மழை
நிற்பதற்காகப் பெய்வதில்லை.
ஆய்வுக்கூடத்துத் தகரக் கூரையின் கீழ்
ஐந்து பேர், ஒரு கான்கிரீட் படகு.
"கான்கிரீட் மிதக்குமா?" என்று
மீன் சந்தையில் படுத்துக்கிடக்கும் கடற்சிங்கங்களைத் தவிர
எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

எங்கள் மதிப்பெண்களைக் கூட்டினால்
போட்டியில் எங்களை வெல்ல ஆளில்லை.
கூட்டியே பார்த்தோம்,
ஒரு தாளில், தசமப் புள்ளியோடு.
மைத்தே கணக்கில் முதல். காஸ்பர் வரைபடத்தில்.
இயற்பியலில் நான், எலிசேயோ;
பேச்சிலும் நான்தான், அது தாளில் இல்லை.
தோரிபியோவிடம் வேன் இருந்தது.
ராயேன் கடைசியாகச் சேர்ந்தாள்,
வேறு குழுவில் இடம் கிடைக்காமல்.

அச்சைப் பிரித்த மூன்றாம் நாள்
படகின் முதுகில் மயிரிழை ஓடியது.
மாலைக்குள் அதில் விரல் நுழைந்தது.
மைத்தே காஸ்பரைப் பார்த்தாள்.
காஸ்பர் வேனைப் பார்த்தான், குழியில் குலுங்கியதாம்.
தோரிபியோ சாவியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.
மீதிப் பேருக்கு நான் விளக்கினேன்.
நாற்பது நிமிடம்.

அறிக்கை எழுதுவதற்காகக்
கூட்டங்களைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தேன்.
ஞாயிறு இரவு, விறகடுப்பருகே
ஈரக் காலுறைகள் காய, காது கொடுத்தேன்.
முதலில் என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.
பிறகு, பின்னால் எங்கோ, ஒரு சின்னக் குரல்:
"இந்த நுரைக்கல்லை முதலில்..."
நான் முடித்து வைக்கிறேன். தவறாக.
"ஒரு ராத்திரி..."
நான்.
"நான் வேலை செய்த இடத்தில்..."
என் சிரிப்பு, மேலே காஸ்பரின் சிரிப்பு.
மூன்று கூட்டங்களில் ஏழு முறை.
எட்டாவது முறை இல்லை.
நான்காம் கூட்டத்தில் அவள் பக்கமிருந்து
பென்சில் சீவும் சத்தம் மட்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
படகு?

எல்லோர் முன்னாலும் கேட்க நினைத்தேன்.
துணிவில்லை, படிக்கட்டில் கேட்டேன்.
"ஏழு தடவை என்ன சொல்ல வந்தாய்?"
"ஒன்றையேதான்" என்றாள் ராயேன்.
நுரைக்கல் தண்ணீர் குடிக்கும்.
ஊறவைக்காமல் கலவையில் போட்டால்
சிமெண்டுக்கு வைத்ததை அது குடித்துவிடும்,
சிமெண்ட் தாகத்தில் வெடிக்கும்.
வில்லாரிகாவில், கட்டடக் கல் அச்சடிக்கும் கொட்டகையில்
இரண்டு கோடை வாளி தூக்கியிருக்கிறாள்.
அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
மைத்தே வீட்டிலிருந்து
முட்டை வேகவைக்கும் கடிகாரம் ஒன்று கொண்டுவந்தாள், கோழி வடிவம்.
யார் பேசினாலும் மூன்று நிமிடத்தில் கத்தும்.
எனக்குத்தான் அதிகம் கத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் கேட்காமலே,
"கம்பி வலையை நான்தான் தலைகீழாக வைத்தேன்" என்றான் காஸ்பர்.
மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.
"மேல்பக்கத்தில் நீல நாடா கட்டிவிடலாம்" என்றாள் மைத்தே.
அவ்வளவுதான்.
மறுநாள் தோரிபியோ வந்தான், வேனோடு.
குழியில் குலுங்கியது உண்மைதான் என்றான்.

அக்டோபரில், கால்யே கால்யே ஆற்றில்,
எட்டுப் படகுகளில் ஐந்தாவதாக வந்தோம்.
ஜெயித்தவர்கள் கரையிலிருந்து கரைவரை
ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள்.
அதற்கு என்னிடம் விளக்கமில்லை.

எங்கள் படகு நடு ஆற்றில் கசிந்தது.
"தண்ணீர்" என்றது ஒரு குரல்,
யாருடையதென்று இப்போதும் எங்களுக்குள் சண்டை.
ஐந்து கைகள் ஒரே வாளிக்கு நீண்டன.
ராயேன் பிடுங்கிக்கொண்டாள்,
அவளுக்கு வாளி பழக்கம்.