தண்ணி மாத்திரை

ஆறரைக்குக் கடைசி லோரி
செம்பனைக் குலைகளோடு எடைமேடையில் ஏறும்.
பதினெட்டு டன் நானூறு என்று எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்போது
இன்னொரு தரம் நிறுப்பேன்.
கழித்தால் வருவதுதான் பழம்.

என்னை யாரும் நிறுத்ததில்லை,
மைத்துனி பரிசத்தில் பிரியாணி இரண்டு தட்டும்
அதன் தலையில் ஐஸ் கச்சாங்கும் இறக்கிய
அந்த ஞாயிறு வரை.

திங்கள் விடிகாலை நாலுக்குக் கண் திறந்தது.
கண் மட்டும்.
கால்கள் கட்டிலில் கிடந்தன,
யாரோ வேலை முடிந்து போட்டுப்போன
இரண்டு மண்வெட்டிகள்.
எழு என்றேன்.
அவற்றுக்கு என் பாஷை தெரியவில்லை.

புனிதவல்லி முதலில் தண்ணீர் தெளித்தாள்,
பிறகு திருநீறு,
பிறகுதான் ஆம்புலன்ஸ்.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில்
என் ரத்தத்தை நிறுத்துச் சொன்னார்கள்:
பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்று.
அவ்வளவு சின்ன எண்ணுக்கா
இவ்வளவு பெரிய ஆள் விழுந்தான்?

மருந்துக் கவுண்டரில் நோராஷிகின்.
முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா,
சிறுநீரகத்தில் கல் உண்டா என்று கேட்டு
இல்லை என்றபின்தான் பொட்டலத்தை நகர்த்தினாள்.
காலை ஒன்று, மாலை ஒன்று.
விரல் நுனி குறுகுறுக்கும், மிரளாதே.
தேதி தவறாமல் ரத்தம் கொடு.
நீயாக நிறுத்தாதே, நீயாகக் கூட்டாதே.
'மினும் ஆயெர் பஞாக், பஞாக்' என்று
இரண்டு கையாலும் ஒரு குளத்தைக் காட்டினாள்.

எறும்புகள் வந்தன, சொன்னபடியே,
பேனா பிடிக்கும் மூன்று விரலில்.
பசார் மாலாமில் வாங்கிய கேஸ் தண்ணி
துருப்பிடித்த ஆணியாய் நாக்கில் கிடந்தது.
இதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஒன்றரை லிட்டர் போத்தலில்
மார்க்கரால் கோடு கிழித்தேன்:
பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு.
குடிக்கச் சொன்னவர்கள்
எடைமேடைக் குடிசையில் கக்கூஸ் இல்லை என்பதை
அறியமாட்டார்கள்.
நான் மூன்றாம் வரிசை மரத்தின் பின்னால் நிற்க,
ஆ சியோங் ஹார்னை அழுத்துவான்,
மில் முழுக்கக் கேட்க.

தீபாவளிக்கு முதல் நாள் பொட்டலம் தீர்ந்தது.
எண்ணியது தப்பு, எண்ணியவன் நான்;
டன் கணக்கில் தவறாதவன்.
கிளினிக் பூட்டு.
பக்கத்து வீட்டு மாரிக்கண்ணு அக்கா
முறுக்குத் தட்டோடு தன் அட்டையையும் கொண்டுவந்தார்.
கால் வீக்கத்துக்கு அவருக்குக் கொடுத்தது.
'இதுவும் தண்ணி மாத்திரைதான் தம்பி,
நாலு எடுத்துக்க.'

அதே வெள்ளை. அதே வட்டம்.
ஊர் வைத்த பெயரும் அதே.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்;
எடையே இல்லை.
அட்டையைத் திருப்பினால்
பின்னால் வேறு எழுத்துகள்.

ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். ஒன்பது முறை மணி.
கடைசியில் ஓர் ஆண்குரல்,
எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு
'போடாதீங்க' என்றது.
'அது உங்க பொட்டாசியத்தையும் சேர்த்து
வெளியே இழுத்துட்டுப் போயிடும்.
புறப்பட்டு வாங்க, உங்களுது எடுத்து வைக்கிறேன்.'

கஞ்சில் காரைப் புனிதவல்லி ஓட்டினாள்,
அதிரசப் பாகு அடுப்பில் பாதியில்.
அக்கா வாசலில் நின்றார், முகம் தொங்கி:
'நல்லதுக்குத்தானே குடுத்தேன்.'
ஆமாம் அக்கா.
நல்லதுக்குத்தான்.

மூன்றாம் நாள் அவரே வந்தார்,
தன் அட்டை, என் மார்க்கர்.
'என்னுது எதுக்குன்னு எழுதிக் குடு.'
மாரிக்கண்ணு, காலுக்கு என்று எழுதினேன்.
'ஒன்னுதுல?'
என் டப்பாவை எடுத்து
அமிர்தலிங்கம் என்று எழுதி
அடுத்து என்ன போடுவதென்று யோசித்து
முழு ஆளுக்கும் என்று போட்டேன்.

இப்போதும் நாலு மணிக்கு விழிப்பு வருகிறது.
இருட்டில் பெருவிரலைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
கொஞ்சம் தாமதமாய்,
தூக்கக் கலக்கத்தில்,
அது என்ன என்கிறது.