இருபத்திரண்டு கிலோ

பெட்டியின்ரை முதுகிலை இருபத்திரண்டு கிலோ எண்டுதான்
அச்சடிச்சுக் கிடக்கு.
எண்பத்திரண்டிலை மின்சார நிலைய வீதிக் கடையிலை
அதைத் தனியத் தூக்கி
சைக்கிள் கரியரிலை வைச்சுக் கட்டினவன் நான்.
இப்ப அது
சும்மா இருந்தே பாரம் கூடியிருக்கு.

"விக்கிறதெண்டால் வித்துப்போடுங்கோ,
இல்லாட்டி மேலை பூச்சாடி வைக்கிறன்"
எண்டுறாள் மனிசி.

பேஸ் வாசிக்கிறவனை ஆருக்கும் தெரியாது.
கலியாணவீட்டு அல்பங்களிலை
கீபோட் சூசைதாஸ் சிரிக்கிறான்,
லீட் அடிக்கிற ஞானரூபன் தலைமயிரைக் கோதுறான்,
றம்ஸுக்குப் பின்னாலை ஒரு முழங்கை தெரியும்.
அது என்ரை.
ஒருக்கா பாசையூரிலை வயர் கழண்டு
பாட்டு நடுவிலை நான் நிண்டுபோனன்.
ஆடின சனம் ஆட்டத்தை விட்டிட்டு
ஆளையாள் பார்த்தது.
என்ன இல்லாமல் போனதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.
நாப்பது வருசத்திலை
எனக்கு விழுந்த கைதட்டல் அதுதான்.

பிறகு கரண்ட் இல்லாத வருசங்கள்.
கிற்றாரின்ரை கொம்பைத் தாடையிலை அமத்திப்போட்டு
வாசிப்பன். எலும்புக்குள்ளாலை கேக்கும்.
பக்கத்திலை படுத்திருக்கிறவளுக்குக்கூடக் கேளாது.
கம்பி வாங்கேலாது.
காவலரணிலை நிண்டு 'கம்பி' எண்டு சொல்லத்தான் ஏலுமோ?
கறிச்சட்டியிலை தண்ணி, ஒரு மூடி வினாகிரி,
நாலையும் சுருட்டிப் போட்டுப் பத்து நிமிசம்.
மண்ணெண்ணெய் வித்த விலைக்கு
இடியப்பம் அவிஞ்சிருக்க வேண்டிய அடுப்பு.
ரெண்டு கிழமைக்குக் குரல் தெளிவாயிருக்கும்,
திரும்பச் சளி பிடிச்சிடும்.

இடம்பெயரேக்கை கிற்றாரை மட்டும் கொண்டுபோனன்.
வந்து பார்க்க,
கதவில்லை, யன்னலில்லை, வாளி கூட இல்லை.
பெட்டி கிடந்தது.
உள்ளுக்கு எலி குட்டி போட்டிருந்தது.
கதவுகளைக் கழட்டினவைக்கும்
இருபத்திரண்டு கிலோ பாரமாய்த்தான் இருந்திருக்கும்.

ஸ்காபரோவிலை ஞானரூபனுக்கு ஏழு கிற்றார்.
நிலக்கீழ் அறைச் சுவரிலை வரிசையாத் தொங்குது.
வீடியோவிலை ஒவ்வொண்டாய்க் காட்டினான்,
பேரப்பிள்ளையளைக் காட்டுறமாதிரி.
"ஒண்டை எடுத்து வாசியனடா."
"தோள் ஏலாது மச்சான்."
கொஞ்சநேரம் ரெண்டுபேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தம்.

இரவிலை நானும் போனிலை பார்க்கிறனான்.
ரெண்டு கிலோவிலை ஒரு அம்ப்ளிஃபயர்,
சாப்பாட்டுப் பெட்டி அளவு.
விலையைப் பார்த்திட்டுக்
குசினிக் கூரையைப் பார்ப்பன்.
பிறகு திரும்பவும் போனை.

போன மாசம் காது டொக்டர் ஒரு கோடு கீறிக் காட்டினார்.
"மேல் சத்தமெல்லாம் விழுந்திட்டுது ஐயா.
நுளம்பு, குருவி, மனிசி அறைக்குள்ளையிருந்து கூப்பிடுறது,
உதுகள் குறையும்.
கீழ்ப்பக்கம் இன்னும் நல்லாக் கிடக்கு."
நான் சிரிச்சுப்போட்டன்.
அவர் பேனையை வைச்சிட்டு
இன்னொருக்கா என்ரை வயசைப் பார்த்தார்.

இப்பத்தைப் பொடியள் குழுவிலை பேஸ் இல்லை.
நிருஜன் கீபோட்டிலை இடக்கையாலை
என்ரை வேலையை முடிச்சுப்போட்டு
அதே கையாலை சோடாவும் குடிக்கிறான்.
பிழையெண்டு சொல்லேலாது. நல்லாத்தான் வாசிக்கிறான்.
அதுதான் கொதி.

நேற்றுப் பின்னேரம் அவன் போன் எடுத்தான்.
கிரிக்கெட்டிலை கட்ச் பிடிக்கப்போய்
இடக்கைச் சின்னவிரல் முறிஞ்சுபோச்சாம்.
"அங்கிள், சனிக்கிழமை குருநகர் மண்டபம்.
ஒருக்கா மட்டும்."
எனக்குக் கவலைதான்.
சத்தியமாய்.

பெட்டி தூக்க ஓட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சு.
விடியவிலை மோதிரவிரல் மடங்காது,
அதுக்குச் சுடுதண்ணி.
புதுக்கம்பி இப்ப ரவுணிலை வாங்கலாம்,
நடந்துபோற தூரம்.
எண்டாலும் அடுப்பிலை ஏத்தியிருக்கிறன்.

வினாகிரி மணத்துக்கு
மனிசி வாசலிலை வந்து நிக்கிறாள்.
என்னவோ கேக்கிறாள், மேல் சத்தத்திலை.
வாயைப் பார்த்தால்
"அது எந்தச் சட்டி?" மாதிரிக் கிடக்கு.